குடிக்க ஏலம்

1

முதலே சொல்லிப்போடுறன். இது நான் யோசிச்சுப் பிடிச்ச கதை இல்லை. என்ர ஃபோன் ஒரு சொல்லைப் பிழையாக் கேட்டுது. அதிலை இருந்து வந்தது.

இப்ப 58ஆம் நம்பர் பஸ்ஸிலை, மேல்தட்டிலை, முன்கண்ணாடிக்குப் பக்கத்திலை இருக்கிறன். வால்தம்ஸ்டோவிலை ஒரு முதியோர் இல்லத்திலை வேலை. ஷிப்ட் முடிஞ்சு ஈஸ்ட் ஹாமுக்குப் போறன். நான் வாயாலை சொல்லச் சொல்ல ஃபோன் எழுதுது. விரலாலை தமிழ் தட்டினால் ஒரு வசனத்துக்கு ஒரு ஸ்டொப் போயிடும். பிழையளைப் பேந்து திருத்துவன். சிலதைத் திருத்தாமல் விடுவன். ஏனெண்டு போகப்போக விளங்கும்.

எங்கட குடும்பக் குழுவிலை போடத்தான் தொடங்கினன். ரொறன்ரோப் பெரியம்மாவுக்கும் பாரிஸ் மாமாவுக்கும், அம்மாவோடை என்ன நடந்ததெண்டு விளக்கமா ஒரு மெசேஜ். அது நீண்டு இப்பிடி ஆகிப்போச்சு. எங்கட ஆக்கள் இல்லாத நீங்களும் வாசிக்கிறியள் போலை. பரவாயில்லை, வாங்கோ. பக்கத்து சீற் வெறுமையாத்தான் கிடக்கு.

ஒரு விஷயத்தை மட்டும் இப்பவே தெரிஞ்சுகொள்ளுங்கோ. இதே ஃபோனிலை, யாழ்ப்பாணத்திலை இருக்கிற என்ர அம்மாட்டை இருந்து ஒரு குரல் மெசேஜ் வந்து கிடக்கு. அவ ஒரு வேரைக் குடிச்சவவோ, குடிக்கேல்லையோ எண்டது அதுக்குள்ளைதான் இருக்கோணும்.

நான் அதை இன்னும் கேக்கேல்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"கௌசி லண்டனில் தனியாக வாழும் ஓர் இளம்பெண். அவளுடைய தாய்க்கு"

நிப்பாட்டிட்டன். ஆரோ ஒருத்தியின்ர கதை மாதிரிச் சொன்னால் வலிக்காது எண்டு நினைச்சுத்தான் கௌசி எண்டொரு பேரைப் பிடிச்சன். ஃபோன் அதைக் "கவுச்சி" எண்டு எழுதிச்சுது. அந்தச் சொல்லு எனக்குத் தெரியாது. என்னோடை ஒரே வீட்டிலை வாடகைக்கு இருக்கிற நீலவேணி அக்காட்டை மெசேஜிலை கேட்டன்.

"கவுச்சியா? மீன் நாத்தம் லா."

எங்கட பக்கம் அதை வெடுக்கு எண்டுறது. வெடுக்கு லண்டனில் தனியாக வாழும் ஓர் இளம்பெண். இதுக்குப் பிறகு எப்பிடி ஐயா சோகமா எழுதுறது?

தொடக்கம், ரெண்டாம் முயற்சி:

"டாங் குவாய் என்பது சீனப் பெண்கள் பல நூறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் ஒரு சீன போர்"

வேர் எண்டுதான் சொன்னனான். இந்த ஃபோனுக்குள்ளை இருக்கிறது இந்தியத் தமிழ். செற்றிங்ஸிலை இலங்கைத் தமிழ் எண்டும் ஒண்டு கிடக்கு. போட்டுப் பாத்தன். அது வானொலியிலை செய்தி வாசிக்கிற மாதிரி எழுதுது. ரெண்டுக்கும் என்னைத் தெரியாது.

சரி. கௌசி வேண்டாம். நான் தக்ஷிகா. (ஃபோன் "தட்சணை" எண்டு போட்டது. அதை விரலாலை மாத்திட்டன். அம்மா வைச்ச பேர்.)

3

இனி வேரின்ர கதை.

நீலவேணி அக்கா மலேசியா, ஈப்போ. இஞ்சை படிக்க வந்து, இப்ப ஒரு கொம்பனியிலை கணக்கு வேலை. அவ வெளிக்கிடேக்கை நான் நித்திரை, நான் வெளிக்கிடேக்கை அவ வேலையிலை. ஃபிரிட்ஜிலை இருக்கிற பால் குறைஞ்சிருந்தால்தான் வீட்டிலை இன்னொரு சீவன் இருக்கெண்டு தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதவிடாய் வயித்துக்குத்தோடை குசினிக்குள்ளை குந்திக்கொண்டிருக்கேக்கை அவ வந்தா.

"என்னா, மூஞ்செல்லாம் வெளுத்துப்போச்சு? பீரியட்ஸா?"

"ஓம் அக்கா."

"உக்காரு. நாளைக்கு நாளான்னிக்கு நின்னதும் டாங் குவாய் சூப் வெச்சித் தரேன். இப்ப சுடுதண்ணி குடி."

"அதென்னக்கா டாங் குவாய்?"

"சீன வேர் லா. எங்க பக்கத்து வீட்டு ஆண்ட்டி குடுப்பாங்க. ரத்தம் ஊறும்னு சொல்வாங்க. எங்கம்மா ஒரு தடவ அதுல ரசப்பொடியப் போட்டுட்டாங்க. அந்த ஆண்ட்டி அழுதுட்டாங்க, தெரியுமா?"

சொன்ன மாதிரியே வைச்சுத் தந்தா. கோழி, சிவப்புப் பேரீச்சை, மண் நிறத்திலை மெல்லிசாச் சீவின வேர்த்துண்டுகள். மணம் செலரிக் கீரையும் பழைய மருந்துப் பெட்டியும் சேந்தது மாதிரி. முதல் இனிப்பு, பிறகு கைப்பு. குடிச்சன். உடம்பு லேசாப் போச்சுது.*

* வேராலையோ, கோழியாலையோ, சூட்டாலையோ, இல்லாட்டில் இந்த நாட்டிலை முதல் தடவையா ஒராள் எனக்கெண்டு அடுப்பு மூட்டினதாலையோ தெரியாது. இந்தக் கேள்வியைப் பிறகு பார்மசியிலையும் கேட்டன். மாதவிடாய்க்கும் மாதவிடாய் நிக்கிற நேரத்து உடம்புக் கொதிப்புக்கும் கனபேர் இதைக் குடிக்கினம், ஆனால் வேலை செய்யுதெண்டு உறுதியாச் சொல்லுற அளவுக்கு ஆராய்ச்சி இல்லை எண்டு அந்தப் பெண் சொன்னா. ஆர் சூப் வைச்சது எண்டதைப் பற்றியும் ஆராய்ச்சி இல்லை.

4

அம்மாவை இன்னும் நீங்கள் காணேல்லை. என்ர அம்மா சிவமலர். அப்பா இல்லை, கூடப்பிறந்தவை இல்லை. யாழ்ப்பாணம் கோண்டாவிலிலை தனிய இருக்கிறா. அவவுக்கு இதயத்திலை வால்வ் மாத்தினது. அதுக்காக வார்ஃபரின் எண்டு ஒரு குளிசை, இரத்தம் கட்டிபடாமல் வைக்கிறது. அது குறைஞ்சால் வால்வ் அடைக்கும். கூடினால் உள்ளுக்கை இரத்தம் கசியும். அதாலை கிளினிக்கிலை இரத்தம் குத்திப் பாத்துப் பாத்து அளவை மாத்துவினம்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டும் வேரை அனுப்பினன். ஏனெண்டால் என்ர மனசுக்கு அது மருந்து இல்லை, சூப். சூப்பை ஆரும் டொக்டரிட்டைக் கேட்டோ குடிக்கிறவை?

இன்னொரு காரணமும் இருந்தது. கொஞ்சக் காலமா அம்மா மெசேஜிலை விசித்திரமான கேள்வியள் கேட்டுக்கொண்டிருந்தவ.

"உன்ர முதல் சைக்கிள் என்ன நிறம்?"

வேலைக்கு ஓடிக்கொண்டு ஃபோனுக்கு "நீலம்" எண்டு சொன்னன். அது "நிலம்" எண்டு போச்சுது. அம்மா திருப்பி ஒண்டும் எழுதேல்லை. இன்னொரு நாள்: "நீ சின்னனிலை எந்தக் கை முறிச்சனி?" அம்மாவுக்கு மறதி வந்திட்டுது எண்டு நினைச்சன். இரத்தம் குறைஞ்சு மூளைக்குப் போகேல்லையாக்கும். இரத்தம் ஊறுற வேர் இருக்குத்தானே.

என்னோடை வேலை செய்யிற பெர்னடெற் அக்கா ஊர்க் கோயில் பெருநாளுக்குப் போனவ. அம்மாவுக்கு அவவிட்டை ஒரு பார்சல் குடுத்துவிட்டன்: சொக்லெற், கால்வலிக் கிறீம், நடுவிலை ஒரு பைக்கற் டாங் குவாய்.

"உதென்ன தங்கச்சி, விறகோ?" எண்டு கேட்டவ.

"வேர் அக்கா. அம்மாவுக்கு."

"லண்டனிலை இருந்து யாழ்ப்பாணத்துக்கு வேர் கொண்டுபோன முதல் ஆள் நானாத்தான் இருப்பன்."

சிரிச்சம். அந்தச் சிரிப்பை இந்தக் கதையிலை இருந்து எடுத்துவிடுவமோ எண்டு யோசிச்சன். கிடக்கட்டும்.

5

பார்சல் போய்ச் சேந்ததெண்டு அம்மா எழுதின அண்டைக்குத்தான் நீலவேணி அக்காவுக்குச் சந்தோஷமாச் சொன்னன்.

"வார்ஃபரின் சாப்பிடுறாங்களா உங்கம்மா? அய்யோ தக்ஷி, எதுக்கும் ஃபார்மசியில கேட்டுடு. எனக்குத் தெரியாது. தெரியாததுல நான் கை வெக்க மாட்டேன் லா."

இண்டைக்கு வேலைக்குப் போக முதல் ஹை ஸ்ட்ரீட் நோர்த்திலை இருக்கிற பார்மசிக்குப் போய்ப் பைக்கற்றின்ர படத்தைக் காட்டினன். அந்தப் பெண் வார்ஃபரின் எண்ட சொல்லைக் கேட்டதும் பேனையைக் கீழை வைச்சிட்டா. அதைத்தான் நான் முதல் கவனிச்சது. டாங் குவாய் அந்தக் குளிசையின்ர வேலையைக் கூட்டிவிடலாம், இரத்தப்போக்கு வரலாம், சேத்து எடுக்கவே கூடாது எண்டா. பிள்ளைத்தாச்சியளும் தவிர்க்கோணும். சிலருக்கு வெயில் பட்டால் தோல் எரியும். "இனிக் குடிக்காமல் விடச் சொல்லுங்கோ. குடிச்சிருந்தால் அவவின்ர கிளினிக்குக்கு உடனை சொல்லி இரத்தம் பாக்கச் சொல்லுங்கோ. மூக்காலை, பல்லு முரசாலை இரத்தம் வந்தால் பாத்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு."

வெளியிலை வந்தன். பஸ் சத்தம், நகைக்கடைப் பாட்டு, வேலைக்கு நேரம் போச்சுது. நடந்துகொண்டு ஃபோனுக்குச் சொன்னன்:

அம்மா அந்த வேரைக் குடிக்க ஏலாது.

ஏலாது எண்டால் எங்கட தமிழிலை முடியாது, கூடாது. ஃபோனுக்கு அப்பிடி ஒரு சொல்லுத் தெரியாது. அது எழுதினது:

"அம்மா அந்த வேரை குடிக்க ஏலம் அது"

நான் பாக்கேல்லை. அனுப்பிட்டு, வேலைக்குப் போய் லொக்கருக்குள்ளை ஃபோனை வைச்சிட்டன். பிறேக்கிலை எடுத்துப் பாத்தால் அம்மாவின்ர பதில் கிடந்தது.

"சரி. ஏலம் போட்டு அவிக்கவோ?"

(இந்த இடத்திலை ஒரு நல்ல எழுத்தாளர் ஒரு உவமை போடுவார். என்னட்டை இல்லை. அம்மா அதை ஏலக்காய் எண்டு எடுத்திட்டா. அவ்வளவுதான்.)

விரலாலை தட்டினன். "குடிக்காதேங்கோ. குடிக்காதேங்கோ அம்மா. குடிச்சால் கிளினிக்குக்குப் போங்கோ." கோல் எடுத்தன். மணி அடிச்சு அடிச்சு நிண்டுது. திருப்பி எடுத்தன். எடுக்கேல்லை. ஷிப்ட் முடிஞ்சு வெளியிலை வரேக்கைதான் அந்தக் குரல் மெசேஜ் வந்து கிடந்தது.

6

நீங்கள் கேக்கிறது எனக்குக் கேக்குது. குரல் மெசேஜ் எண்டொண்டு இருக்கேக்கை நீ ஏன் பிள்ளை வாயாலை சொன்னதை எழுத்தாக்கி அனுப்பினனி? நீ "ஏலாது" எண்டு சொன்னது அம்மாவுக்கு அப்பிடியே கேட்டிருக்குமே?

ஓம். கேட்டிருக்கும். அதுதான் பிரச்சினை. எல்லாம் கேட்டிருக்கும்.

வந்த புதுசிலை நாளாந்தம் கதைச்சனான். "சாப்பிட்டியோ" எண்டு அம்மா கேப்பா. "ஓம்" எண்டுவன். "ஏன் உன்ர குரல் ஒருமாதிரிக் கிடக்கு?" எண்டுவா. ஒரு "ஓம்"முக்குள்ளை அந்த மனிசிக்கு எல்லாம் தெரிஞ்சிடும். அறைச் சுவரிலை ஈரம், பகல் முழுக்க இங்லீஷிலை மட்டும் சிரிச்சது, என்னை ஆரும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் போன கிழமை. எல்லாம். பேந்து அவ அழுவா, நான் அழுவன், அவவுக்கு நெஞ்சு படபடக்கும்.

அதாலை இந்த மைக்கைப் பிடிச்சன். இது என்ர சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு குரலை எறிஞ்சுபோடும். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு "நல்லாயிருக்கிறன் அம்மா" எண்டு சொன்னாலும், அங்கை போய்ச் சேருறது "நன்றாக இருக்கிறேன் அம்மா". துடைச்சுக் கழுவின பீங்கான் மாதிரி. அம்மா கோல் எடுத்தால் ஷிப்ட் எண்டு வெட்டிப்போட்டு இப்பிடி ஒண்டை அனுப்புவன். எழுத்திலை சளி இல்லை. மாசக்கணக்கா அம்மாவுக்கு நான் எழுத்துத்தான்.

அதோடை, ஒரு நாளிலை நான் தமிழ் கதைக்கிறதும் இந்த ஃபோனோடைதான். குறுக்கிடாமல் கேக்கிற ஒரே ஆள். பிழையாக் கேக்கிற ஆளும்.

7

முடிவுகள். எனக்குத் தெரிஞ்சது மூண்டு.

அ) அம்மா குடிச்சா, ஒண்டும் நடக்கேல்லை. கொஞ்சம் குடிச்ச எல்லாருக்கும் ஏதோ நடக்கவேணும் எண்டில்லை. கதையாப் பாத்தால் சப்பெண்டு இருக்கும். எனக்கு இந்தக் கதைதான் வேணும்.

ஆ) அம்மா குடிச்சா. காலமை பல்லு மினுக்கேக்கை முரசாலை

இதைச் சொல்லி முடிக்க என்னாலை ஏலாது. (ஃபோன் திரும்பவும் "ஏலம்" எண்டு போட்டது. மாத்திட்டன்.)

இ) குடிக்கேல்லை. ஆனால் ஏன் குடிக்காமல் விடப்போறா? லண்டனிலை இருந்து மகள் அனுப்பினது, மகள் ஏலம் போடச் சொன்னது. காரணம் இல்லாத முடிவை ஆர் நம்புவினம்?

"குடிச்சவவோ?"

இது நான் இல்லை. பின் சீற்றிலை இருந்து ஒரு மனிசி. துள்ளி விழுந்திட்டன். ஊதா ஸ்வெற்றர், நெத்தியிலை திருநீறு, மடியிலை மடிச்ச சொப்பிங் ட்ரொலி. இந்த பஸ்ஸிலை தமிழ் ஆருக்கும் விளங்காதெண்டு நினைச்சு இவ்வளவு நேரமாச் சத்தமாச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறன், 58ஆம் நம்பர் பஸ்ஸிலை!

"மன்னியுங்கோ அன்ரி, சத்தமாக் கதைச்சிட்டன்."

"சத்தம் கிடக்கட்டும். லெய்ட்டனிலை இருந்து கேட்டுக்கொண்டு வாறன். முடிவைச் சொல்லும், நான் அப்டன் பார்க்கிலை இறங்கோணும்."

"எனக்கும் தெரியாது."

"தெரியாமலோ இவ்வளவு நேரம் கதைச்சனீர்? ஆர் எழுதச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்ப உமக்கு என்ன பிள்ளை தடிமனோ, சளியோ? குரல் அடைச்சுக் கிடக்கு."

இந்த மைக் எழுதாத விஷயத்தை ஒராள் கேட்டு எனக்கே திருப்பிச் சொல்லுறா. எனக்கு வாய் கோணிச்சுது.

"சரி சரி, அழாதையும். அந்த மெசேஜைக் கேளும். நான் காதைப் பொத்துறன்." பொத்தேல்லை. "கதையிலை என்னைப் போடுறதெண்டால் பேர் அருமைநாயகி. சுருக்காதையும், எனக்குப் பிடிக்காது."

சுருக்கேல்லை அன்ரி.

அப்டன் பார்க் வந்திட்டுது. அவ எழும்பினா, படியடியிலை நிண்டா, திரும்பிப் பாத்தா. "முடிவு தெரியாமல் இறங்க மனம் வரேல்லை," எண்டு சொல்லிப்போட்டு ட்ரொலி இடிபட இடிபட இறங்கினா.

நான் ஃபோனைக் காதிலை வைச்சன்.

8

அம்மா சொன்னதை அப்பிடியே தாறன். இது மட்டும் ஃபோன் எழுதினது இல்லை. கேட்டுக் கேட்டு, நிப்பாட்டி நிப்பாட்டி, விரலாலை எழுதினது.

"வணக்கம். நான் தக்ஷிகாவின்ர அம்மா கதைக்கிறன். உங்கட மெசேஜுகள் கிடைச்சுது. நான் அந்த வேரைக் குடிக்கேல்லை."

கீழை பாத்தன். நடைபாதையிலை அருமைநாயகி அன்ரி அண்ணாந்து பாத்துக்கொண்டு நிக்கிறா. கையைக் கோப்பை மாதிரி வாயிலை வைச்சு, பேந்து உள்ளங்கையை விரிச்சுக் காட்டினா. குடிச்சவவோ? நான் இல்லையெண்டு தலையை ஆட்டினன். அவ ரெண்டு கையையும் தலைக்குமேலை கூப்பினா. பஸ் வெளிக்கிட்டுது.

அவவுக்குக் கதை அதோடை முடிஞ்சுது. நல்ல முடிவு. அதோடை நிப்பாட்டியிருந்தால் நானும் நல்ல எழுத்தாளர்.

ஆனால் அம்மா முடிக்கேல்லை. அப்பதான் எனக்குப் பொறி தட்டினது. அம்மா எனக்கு ஏன் வணக்கம் சொல்லுறா? ஏன் "உங்கட" எண்டுறா?

"நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது. கோவிக்காதேங்கோ. கனநாளா என்ர பிள்ளையின்ர நம்பரிலை இருந்து நீங்கள்தான் எழுதிறியள். என்ர பிள்ளை 'சாப்பிட்டன்' எண்டு சொல்லுற பிள்ளை. நீங்கள் 'சாப்பிட்டேன்' எண்டு எழுதிறியள். சைக்கிள் நிறம் கேட்டன், உங்களுக்குத் தெரியேல்லை. ஏலம் போடச் சொன்னதோடை எனக்கு உறுதியாப் போச்சு. அவள் பாயாசத்திலை ஏலக்காய் மணந்தாலே கோப்பையைத் தள்ளுறவள். ஒருக்கா ஏலம் எண்டுறியள், ஒருக்காக் குடிக்காதேங்கோ எண்டுறியள். நீங்கள் கெட்ட ஆளெண்டு நான் சொல்லேல்லை. அவளுக்கு ஏதோ நடந்திட்டுது, எனக்குச் சொல்ல ஏலாமல் ஆரோ நல்ல மனிசர் எழுதினமோ எண்டுதான்..."

இந்த இடத்திலை கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்.

"உங்கட கோல் வந்தது. பாத்துக்கொண்டுதான் இருந்தனான். எடுக்கப் பயமாக் கிடந்தது. வேறை ஒரு குரல் கேட்டால் நான் பிறகு என்ன செய்யிறது? அதாலைதான் இப்பிடி. அவள் இருந்தால், ஃபோனை அவளிட்டைக் குடுங்கோ. ஒரு சொல்லு. என்ன சொல்லெண்டாலும் சரி. வேர் இஞ்சை பிஸ்கற் ரின்னுக்குள்ளை கிடக்கு. அவள் தன்ர வாயாலை குடி எண்டால் குடிப்பன். வேண்டாம் எண்டால் எறிவன். நீங்கள் சொல்லி நான் ஒண்டும் செய்யமாட்டன். குறை நினைக்காதேங்கோ."

9

அம்மாவுக்கு மறதி இல்லை. அவ சோதனை வைச்சிருக்கிறா. நான் ஃபெயில்.

அந்த வேரிலை இருந்து அம்மாவைக் காப்பாத்தினது பார்மசிப் பெண் இல்லை, நானும் இல்லை. என்னை நம்பாததுதான் அவவைக் காப்பாத்தினது. நான் குரலை ஒளிச்சு வைச்சன், அவ மகளைத் துலைச்சுப்போட்டு இருந்தா. துலைச்சவ ஒரு முன்பின் தெரியாத ஆளுக்கு சந்தேகத்தைக் காட்டாமல் "நீ" போட்டுப் பதில் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறா, ஏனெண்டால் பிள்ளையைப் பற்றி ஏதும் தெரிய வேறை வழி இல்லை. நான் இஞ்சை தனிய எண்டு நினைச்சன். அங்கை அவ இருந்த தனிமைக்கு என்னட்டைச் சொல்லு இல்லை.

பஸ் ஈஸ்ட் ஹாமிலை நிண்டு எல்லாரும் இறங்கினம். நான் ஸ்டொப்பிலை, மரக்கறிக் கடைக்கு முன்னாலை நிக்கிறன். பெரியம்மா, மாமா, இதை நீங்கள் வாசிக்கேக்கை அம்மாட்டை ஏற்கெனவே கேட்டிருப்பியள், உங்களுக்கு முடிவு தெரிஞ்சிருக்கும். மற்றவைக்குத்தான் சொல்லுறன்.

இந்த ஃபோனிலை மைக் ரெண்டு. ஒண்டு கீபோர்ட்டுக்குள்ளை இருக்கிறது, நான் இவ்வளவு நேரம் சொன்னதை எழுதினது. மற்றது குரல் மெசேஜுக்கு, பச்சை நிறத்திலை ஓரத்திலை இருக்கிறது. அது எழுதாது. அடைச்ச தொண்டை, மூக்குறிஞ்சல், பஸ் சத்தம், கத்தரிக்காய் விலை கூவுற அண்ணை, எல்லாத்தையும் அப்பிடியே கொண்டுபோகும். அம்மா அதைக் கேட்டால், வேரை எறிவா. பிறகு அழுவா. நெஞ்சு படபடக்கும். படபடக்கட்டும். அதுக்கும் வேறை குளிசை எடுக்கிறாதானே.

முதல் சொல்லு எதெண்டுதான் தெரியேல்லை. "அம்மா" எண்டு தொடங்கினால் அதோடை நிண்டுபோவன். "ஏலாது" எண்டு தொடங்கினால் வேரைப் பற்றியெண்டு விளங்கும், ஆனால் எனக்கு ஏலாதெண்டும் விளங்கும். ரெண்டும் உண்மை. "நீலம்" எண்டு சொல்லலாம். சைக்கிள் நீலம் அம்மா.

ஆனால் எதைச் சொன்னாலும் இனி அது இந்தக் கதைக்குள்ளை விழாது. இந்த மைக்கிலை இருந்து விரலை எடுக்கப்போறன். என்ர குரலை நீங்கள் கேட்டதில்லை. இந்த மூண்டு சொல்லிலை ஒண்டை நீங்களே எடுங்கோ. மனசுக்குள்ளை இல்லை, வாயைத் திறந்து, உங்கட வீட்டு ஆருக்கும் கேக்கிற மாதிரி ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ. சொல்லேக்கை உங்கட குரல் என்ன செய்யுதோ, என்ர முடிவு அதுதா